மாயத்துக்கு ஒரு விலை

(காமயகவுண்டன்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியத்தில் விருப்பமான பொருளை எடுத்துப் பேசுங்கள் என்று அறக்கட்டளையினர் கேட்டார்கள். அறிவியல் புனைகதை, மாயக்கதை, காமிக்ஸ் பற்றிப் பேசலாமா என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நல்லதுங்க ஐயா, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்று பதில் வந்தது. கேட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தமிழ் இலக்கிய உலகம் முழுக்க அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. யதார்த்த நாவல் ஒன்று வந்தால் அதன் சாதி, நிலம், பேச்சுவழக்கு எல்லாவற்றையும் நாலு பேர் அலசுவார்கள். பறக்கும் நாற்காலியோ பேசும் இயந்திரமோ வந்துவிட்டால், "சுவாரசியமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். காமிக்ஸுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. ரசிகர்கள் நிறைய எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி பால்ய நினைவு. எந்தக் கடையில் வாங்கினேன், யாரிடம் இரவல் கொடுத்து ஏமாந்தேன் என்பதெல்லாம் இருக்கும். கதை எப்படி என்பது மட்டும் இருக்காது.

இந்த வகை நூல்களுக்கு மதிப்புரை எழுத உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு என்று நினைக்கிறேன். இந்த மாயத்துக்கு விதி என்ன? இந்த மாயத்துக்கு விலை என்ன, அதைக் கொடுக்கிறவர் யார்?

விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தின நாயகர் சன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் புத்தகமாக அது ஊர் ஊராகப் போனது. வேதாளத்தைச் சுமந்து வரும் அரசன் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். விதி இவ்வளவுதான். இந்த இறுக்கத்துக்குள்தான் அத்தனை கதைகளும் நடக்கின்றன. கூடு விட்டுக் கூடு பாயும் கதையில் விலை இன்னும் கறாரானது: அரசன் கிளியின் உடம்புக்குள் போன நேரம் பார்த்து வேறொருவன் அரசனின் உடம்புக்குள் புகுந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுகிறான். நம் முன்னோர் மாயத்தை இலவசமாகக் கொடுக்கவில்லை. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் பல்லாண்டுக் காலம் வரைந்த அந்தத் தலைப்புப் படம் நினைவிருக்கும்: தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுற்றிலும் காடு. சுமையின் கனம் அரசன் உடம்பில் தெரியும்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இதெல்லாம் புதிதா என்ன? கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும் வழி திறப்பார்கள். பளியன்குடி வழியாக நம் ஆட்கள் நடந்தே ஏறுவார்கள். வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகி வானவூர்தி ஏறிப் போன இடம் அதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வானவூர்தி வருவதற்கு முன் ஒரு மார்பும் ஒரு நகரமும் விலையாகப் போயிருந்தன. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிவதை எத்தனையோ பேர் விளக்கியிருக்கிறார்கள். அந்த ஊர்தியை மட்டும் ஏதோ புராணச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

இனி காமிக்ஸுக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் நடுத்தர வயதுக்காரர்களின் முகம் மாறுவது மேடையிலிருந்தே தெரிகிறது.

சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய 'வாலியண்ட்' வார இதழில் வந்த தொடர். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்த இரண்டு பெயரும் அந்தக் காலத்துத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியாது. பிரிட்டனிலேயே அன்று காமிக்ஸ் கம்பெனிகள் படைத்தவர் பெயரை அச்சிட்டதில்லை. அப்புறம் நாம் எங்கே போவது?

கதை இதுதான். ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு விபத்தில் வலது கை போய்விடுகிறது, இரும்புக்கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்கிறது. உடம்பு மறைகிறது, இரும்புக்கை மட்டும் மறையவில்லை. விதி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். மறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் தொட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அது தீர்ந்துவிடும். தீரும் இடம் எதிரியின் கூடாரமாகவும் இருக்கலாம். மறைந்திருக்கும்போதும் முழுதாக மறைய முடியாது. அந்தக் கை காட்டிக்கொடுக்கும். விலையோ, முதலிலேயே ஒரு கை.

பிளாஸ்கோவின் படங்களை இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்னொன்று புரிகிறது. ஓவியனுக்கு இது மிகக் கடினமான வேலை. கதாநாயகன் பாதிக் கட்டங்களில் இல்லை. இல்லாதவன் அங்கே நிற்கிறான் என்பதை வரைந்தாக வேண்டும். கதவு சற்றே திறந்திருக்கும். கைப்பிடிமேல் இரும்பு விரல்கள். அறைக்குள் இருப்பவன் தலையைத் திருப்பிவிட்டான், ஆனால் இன்னும் புரியவில்லை. சுவரில் அவன் நிழல் மட்டும் விழுகிறது, வந்தவன் நிழல் இல்லை. கறுப்பு மையை அள்ளி ஊற்றிய மாதிரி நிழல்கள். சாணித்தாளில் மை பரவி அச்சான பிறகும் அந்த அழுத்தம் போகவில்லை. வாராவாரம் இரண்டிரண்டு பக்கமாக வந்த கதை என்பதால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு திடுக்கிடல் இருக்கும். இங்கே அதை ஒரே புத்தகமாகத் தைத்துக் கொடுத்தபோது வேகம் இரட்டிப்பானது. மின்சாரம் என்றால் பம்புசெட்டும் தெருமுக்கு விளக்கும் என்றிருந்த ஊர்களில் அதைப் படித்தவர்களுக்கு, சுவரிலிருந்த பிளக்கைப் பார்க்கும்போதெல்லாம் விரல் குறுகுறுத்திருக்கும்.

மாயாவி தொடக்கத்தில் நல்லவனும் இல்லை. யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தவுடன் அவன் புத்தி களவின் பக்கம்தான் போகிறது. பிற்பாடுதான் உளவுப்படைக்காரனாகிறான். விஜயன் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக வந்த ஸ்பைடரும் இதே வார்ப்பு: குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவேன் என்று கிளம்பி, கடைசியில் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவன். அந்தத் தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் ஜெரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். பெரிய பெயர்தான். ஆனாலும் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்பைடர் இன்று படிக்கத் தாங்கவில்லை. எந்த நெருக்கடி வந்தாலும் இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ ஒரு கருவி வெளியே வரும். வலை வேண்டுமா வலை, புகை வேண்டுமா புகை. விதி கிடையாது, எனவே விலையும் கிடையாது. பத்து வயதில் அது திருவிழா. நாற்பதில் சலிப்பு. மாயாவி நாற்பதிலும் நிற்கிறான். இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் விமர்சனம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

இரும்பு மனிதன் ஆர்ச்சியை நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். அந்த எந்திரத்துக்குத் தற்பெருமை உண்டு, அதுவே அதன் குணச்சித்திரம். சதுரங்கக் காய் மாதிரி இருக்கும் கோட்டையில் ஏறிக் காலத்துக்குள் பயணம் போகும் கதைகள் சிரித்துப் படிக்கத் தக்கவை. ஆனால் காட்டுக்குள் நடக்கும் ஆர்ச்சி கதைகளில் ஆப்பிரிக்க மக்களை வரைந்திருக்கும் விதம் அருவருப்பானது, அதையும் சொல்ல வேண்டும். இன்னொரு மாயாவியான வேதாளர் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். லீ பாக் 1936-இல் உருவாக்கிய அந்த முகமூடி வீரன், கறுத்த மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் வெள்ளைக்காரன். அவன் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியதால், இந்திரஜால் காமிக்ஸ் அதை 'டென்காலி' என்று மாற்றி அச்சிட்டது. பெயரை மாற்றினார்கள், உள்ளிருக்கும் எண்ணத்தை மாற்ற முடியவில்லை. மண்டை ஓட்டு மோதிரத்தைக் காகிதத்தில் வெட்டி விரலில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகள், அந்தப் படத்தில் தாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யோசித்ததில்லை. யோசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மதிப்புரை இருந்திருக்கலாம்.

சொந்தச் சரக்கே நம்மிடம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வாண்டுமாமா எழுதி ஓவியர் செல்லம் வரைந்த பலே பாலு, பறக்கும் டிராயர் போட்டுக்கொண்டு போகிற நம்ம ஊர்ப் பையன். முகமூடி இல்லை, மர்மத் தீவு இல்லை, அரைக்கால் டிராயர்தான். இப்படி ஒரு கற்பனை ஜப்பானில் பிறந்திருந்தால் அதற்கு இன்று அருங்காட்சியகமே இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

இன்றைக்கு லயன்-முத்து வெளியீடுகளில் பிரெஞ்சு, பெல்ஜியக் கதைகள் நல்ல தாளில் வண்ணத்தில் வருகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், தோர்கல். வான் ஹாம் எழுதி, போலந்து ஓவியர் ரோசின்ஸ்கி வரைந்தது. மூலம் 1977-இல் தொடங்கியது. வைக்கிங்குகள் கடலில் கண்டெடுத்து வளர்த்த குழந்தை, உண்மையில் விண்ணிலிருந்து வந்தவர்களின் வாரிசு. மாயக்கதையும் அறிவியல் கதையும் ஒரே உடம்பில் குடியிருக்கும் அபூர்வம். இந்த நாயகனுக்கு வேண்டியது மனைவி மக்களோடு நிம்மதியாக இருப்பது ஒன்றுதான். தெய்வங்கள் தன்னை மறக்க வேண்டும் என்பதற்காக அவன் தன் பெயரையே அழிக்கச் சம்மதிக்கிறான். பெயரோடு நினைவும் போய்விடுகிறது, குடும்பமும் கைவிட்டுப் போகிறது. விலை என்று நான் சொல்வது இதைத்தான். விலை கூடுதல் புத்தகம் என்று ஒதுக்காமல் நூலகங்கள் இதை வாங்க வேண்டும்.

சுஜாதாவைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே ஆனந்த விகடனில் அவர் எழுதிய தொடர்கதை 'என் இனிய இயந்திரா'. கதை நடக்கும் ஆண்டுகள் 2021-22. அந்த ஆண்டுகள் வந்து போய்விட்டன. ஆகவே மறுபடியும் எடுத்துப் படிக்க இது தக்க தருணம். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும், பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ. நாட்டை ஆளும் ஜீவா. வாடகைக்கு வரும் ரவியோடு வந்து சேரும் இயந்திர நாய் ஜீனோ. குடிமகனுக்கும் ஆள்பவனுக்கும் நாய்க்கும் ஒரே இரண்டெழுத்து. ஒரு சின்ன விதியை வைத்து ஒரு சர்வாதிகாரத்தை முழுதாகக் காட்டிவிடுகிறார். விளக்கவே இல்லை, பெயர் வைத்ததோடு சரி. மக்கள் கொடுக்கும் விலை அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

ஜீனோ புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், போகப்போக அந்த நாவலிலேயே அதிகமாகச் சிந்திக்கும் பிறவி அதுதான் என்று ஆகிவிடும். தமிழ்ப் புனைகதையில் இயந்திரங்களுக்குள் இத்தனை உயிருள்ள பாத்திரம் வேறில்லை என்பது என் கணிப்பு. குறை சொல்வதென்றால், நிலாவை அவர் இன்னும் கொஞ்சம் மதித்திருக்கலாம். நாட்டையே புரட்டும் கதையின் நடுவில் நிற்கும் பெண்ணை அப்பாவி அழகியாகவே நெடுநேரம் வைத்திருக்கிறார். அடுத்து வந்த 'மீண்டும் ஜீனோ' முதலாவதற்கு இணையில்லை. நாயின் சாதுரியம் வசனத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது. இத்தனை பேர் படித்த எழுத்தாளருக்குச் சாகித்திய அகாதெமி விருது கடைசிவரை கிடைக்கவில்லை. அதன் காரணங்களில் ஒன்று, இவ்வகை எழுத்தை எடைபோடும் தராசே நம்மிடம் இல்லாததுதான்.

பிற மாநிலங்களைப் பாருங்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் தன் முதல் அறிவியல் கதையை 1974-இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத்தின் போட்டிக்குப் புனைபெயரில் அனுப்பிப் பரிசு வாங்கினார். அதே மனிதரை 2021-இல் நாசிக்கில் நடந்த அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வங்காளத்தில் அறிவியல் கதைக்கென்றே 1963-இல் 'ஆச்சர்ய' என்ற மாத இதழ் வந்தது. சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு அதற்கு முன்பே சிறுவர் இதழில் உலவத் தொடங்கிவிட்டார். சரி, நாம் பின்தங்கினோம் என்று சொல்லலாமா? இதையும் கேளுங்கள். பெண்கள் நாடாளும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்த பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905-இல் அச்சானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். அந்த உலகத்தில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். சூரிய வெப்பத்தில் சமையல். மேகத்திலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் இறக்கிக்கொள்வார்கள். மழைக்கு அண்ணாந்து பார்க்கும் பள்ளத்தாக்கில் அந்தக் குழாய்க்கு உடனே ஆர்டர் கொடுத்துவிடுவோம்.

ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு விரிவான மதிப்புரைக்குரியது. சித்த மருத்துவம், ரசவாதம் என்று நம் அறிவு மரபுக்குள்ளிருந்தே அறிவியல் கேள்விகளை எழுப்பிப் பார்த்த முயற்சி அது. உரையாடல் நீளம், சில இடங்களில் கதை வகுப்பறை ஆகிறது. கேள்விகள் மட்டும் இரவல் வாங்கியவை அல்ல. இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014-இல் பால சாகித்ய விருது பெற்றது. வேதாளத்தின் வாயில் அறிவியலை வைத்த யோசனை அருமை. ஆனால் அதில் சில நேரம் வேதாளத்தை விட ஆசிரியரின் குரல் உரக்கக் கேட்கிறது. தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' வெகுஜன வாரத்தொடர் வடிவத்தில் விண்வெளிக்கதை சொல்லலாம் என்று காட்டியது. வேறு பெயர்களும் உண்டு. நேரம் கருதி விடுகிறேன்.

ஏனென்றால் எழுதப்படாத நாவல்களைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய ஊர்க்காரர்கள் நீங்கள். 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் முடித்த அந்த வேலையை, அதற்கு முன் யாராவது கதையாக எழுதியிருந்தால் அறிவியல் புனைகதை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இங்கே அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. கதை மட்டும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து 2011-இல் 'டேம் 999' என்ற படம் வந்தது. சீனாவில் 1975-இல் பான்சியாவ் அணை உடைந்ததை ஒட்டிய கற்பனை என்றார்கள். இங்கே அதை முல்லைப் பெரியாறாகத்தான் பார்த்தோம். தமிழ்நாட்டில் தடை விதித்தார்கள். தடை அரசின் வேலை. எழுத்தாளனின் வேலை பதில் கதை எழுதுவது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய ஒரு சுவரை நம்பி ஐந்து மாவட்டம் விவசாயம் செய்கிறது. அதே சுவரை நினைத்து மலைக்கு அப்பால் ஒரு கூட்டம் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது. இந்த இரண்டு மனத்தையும் ஒரே நாவலுக்குள் வைக்க அறிவியல் புனைகதையைத் தவிர வேறு வடிவத்துக்குத் தெம்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று பொட்டிப்புரம். நியூட்ரினோவைப் பிடிக்க அம்பரப்பர் மலைக்கு அடியில் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்த இரும்பு என்று திட்டம் போட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று போய், மாநில அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆதரவா எதிர்ப்பா என்பதை இந்த மேடையில் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளனின் கண்ணால் மட்டும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள், இந்த நொடியிலும் உங்கள் உடம்பு வழியே கோடிக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் செய்வதில்லை. அதைப் பார்க்க ஒரு மலையைக் குடைய வேண்டும். கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965-இல் ஒருமுறை பார்த்தும் இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் மாடு மேய்க்கிறவருக்கு அது கதிர்வீச்சு, வெடிமருந்து, வற்றிப்போகும் கிணறு. விஞ்ஞானிக்கு அது சூரியனின் வயிற்றுக்குள்ளிருந்து வரும் சேதி. விதி இருக்கிறது, விலை இருக்கிறது, விலையை யார் கொடுப்பது என்ற சண்டையும் இருக்கிறது. இவ்வளவும் வாசலில் கிடக்கும்போது நாம் நியூயார்க்கில் இறங்கும் வேற்றுக்கிரகவாசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று நான் சொன்னவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துப் படியுங்கள், காமிக்ஸாகவே இருக்கட்டும். படித்து முடித்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று நிறுத்தாதீர்கள். அந்த உலகத்தின் விதி என்ன, கதை அதைக் காப்பாற்றியதா, விலையை யார் தலையில் கட்டியது என்று எழுதுங்கள். காமிக்ஸ் என்றால் வரைந்தவர் பெயரையும் தேடிக் கண்டுபிடித்துப் போடுங்கள். ஆசிரியர்கள் அதைப் பள்ளி, கல்லூரி மலர்களில் வெளியிட வேண்டும். நூலகர்கள் காமிக்ஸைச் சிறுவர் பகுதியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேரான தட்டில் வைக்க வேண்டும். அறக்கட்டளையினர் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு சொற்பொழிவோடு ஒரு மதிப்புரைப் போட்டியும் நடத்தலாம். பரிசுத் தொகையில் என் பங்கை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.